அஷ்டமுடிக் காயல்: ஆற்றுமுனையிலிருந்து கடல்வாய் வரை

கேரளக் காயல் என்றதும் நம் ஊர்க்காரர்கள் நேராக ஆலப்புழைக்குப் போய் ஒரு படகுவீட்டை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். உள்ளேயே சமையல்காரர், உள்ளேயே ஏசி. சாப்பாடு படகிலேயே வந்துவிட்டால் அப்புறம் கரையில் இறங்க என்ன வேலை? எனக்கு அது ஒத்துவராது. தென்காசிப் பக்கத்து ஆளுக்குக் கொல்லம்தான் கிட்டம். செங்கோட்டையில் ரயில் ஏறி, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி மலை இறங்கினால் ஊர் வந்துவிடும். 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகி முழுசாகத் திறந்தது 2018-ல். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் பத்திரங்களிலும் கேரளத்து வருடக்கணக்கான கொல்லம் ஆண்டுதான். பழக்கம் அவ்வளவு பழையது.

அஷ்டமுடிக் காயல் எட்டுக் கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு முனையில் கல்லடை ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மறுமுனையில் நீண்டகரையில் கடல் உள்ளே வருகிறது. நடுவே போகப் போக உப்பு ஏறும். உப்பு மாறினால் மீன் மாறும், மீன் மாறினால் சாப்பாடு மாறும். ஆற்றுமுனையில் தொடங்கிக் கடல்வாய் வரை, அங்கங்கே அந்தத் தண்ணீரில் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே போவது என்பதுதான் திட்டம்.

தொடக்கம் மன்றோ தீவு. திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் (ஆங்கிலேயரின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த ஜான் மன்றோவின் பெயர். கொல்லத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கலாம். தோடு என்கிற சின்னக் கால்வாய்களுக்குள் மோட்டார் படகு நுழையாது; ஒரு ஆள் கழி ஊன்றித் தள்ளும் சின்ன வள்ளம்தான். பாலங்கள் அவ்வளவு தாழ்வு, குனிந்தால் போதாது, படுக்க வேண்டும். "அண்ணாச்சி, தலை!" என்று வள்ளம் தள்ளும் சேட்டன் கத்தும்போதெல்லாம் நாங்கள் வரிசையாகச் சாய்ந்தோம். இருபக்கமும் இறால் வளர்க்கும் கட்டுகள், தென்னை, பிறகு கைவிட்ட வீடுகள். கடல் ஏற்றத்தில் தண்ணீர் திண்ணைக்கே வந்துவிடுகிறதாம். தென்மலையில் அணை கட்டிய பிறகு ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்துபோனதுதான் காரணம் என்று அங்கே பலரும் சொல்கிறார்கள். சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்ததை நானே தொட்டுப் பார்த்தேன், காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

முதல் சாப்பாடு தோட்டோரத்து வீட்டுத் திண்ணையில். கரிமீன் முந்தின நாளே சொல்லிவைத்தது. மசாலா பூசி, வாழையிலையில் மடித்து, கல்லில் போட்டு எடுத்தது. இலை ஓரம் கருகி, உள்ளே வெங்காயமும் தக்காளியும் மீனோடு ஒட்டிக்கிடந்தன. முள் நிறைய, அவசரக்காரர்களுக்கு ஆகாது. கூடவே சின்னக் கிண்ணத்தில் கறுப்பு மட்டி என்கிற சிப்பிக் கறி, தேங்காய்ப்பல் போட்டுப் புரட்டியது. அது உப்புக் குறைந்த ஆற்றுப்பக்கத் தண்ணீரில் கிடைப்பது. எனக்குக் கரிமீனைவிட அதுதான் பிடித்தது. சொன்னால் அந்த வீட்டு அம்மாவுக்கு வருத்தமாகிவிடும் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து மோட்டார் படகு. பெருமண் ரயில் பாலத்தை ஒட்டிப் போகும்போது எஞ்சின் சத்தத்தையும் மீறிப் பேச்சு அடங்கிவிட்டது. 1988 ஜூலை 8-ல் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இங்கேதான் காயலில் விழுந்தது, 105 பேர் இறந்தார்கள். சுழல்காற்று என்று விசாரணையில் சொன்னார்கள். "நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், அப்படி ஒரு காற்றைப் பார்த்ததில்லை" என்றார் படகோட்டி.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி அலை தட்டும், அதனால் பெரிய காயலை முன்னாலேயே கடந்துவிடுவது நல்லது. வழியில் தண்ணீரைப் பார்த்து நாற்காலி போட்ட ஒரு உணவகம். காட்சி அருமை, இறால் ஃப்ரீசரில் இருந்து வந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கடல்வாயை நெருங்கினால் மஞ்சள் மட்டியின் ராஜ்யம். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, நீளக் கழியில் கட்டிய வலைக்கூடையால் மணலைச் சுரண்டி எடுக்கிறார்கள். கரையில் அண்டாக்களில் வேகவைத்துச் சல்லடையில் குலுக்கினால் ஓடு மேலே நிற்க, சதை கீழே உதிர்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்றுமதிக்காக வாரி எடுத்து எடுத்து வரத்து பாதியாகச் சரிந்தது. அப்புறம்தான் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக்கூடாது, சிறு கண் வலை கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு வந்தது. 2014-ல், வளம் அழியாமல் மீன்பிடிப்பதற்குத் தரும் எம்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது, இந்தியாவில் அதை வாங்கிய முதல் மீன்பிடி இதுதான். இதைக் கேட்டுக்கொண்டே கள்ளுக்கடையில் உட்கார்ந்து மட்டித் தோரனும் (தேங்காய்த் துருவல் போட்ட பொரியல்) வேகவைத்த கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) சாப்பிட்டோம். கள்ளுக்கடை என்று பயப்பட வேண்டாம், பல கடைகளில் குடும்பத்துக்குத் தனி அறை உண்டு, சாப்பிட மட்டும் வருகிறவர்களும் நிறைய.

நீண்டகரையில் காயல் முடிகிறது. பாலத்துக்கு அடியில் நீரோட்டம் படகைப் பிடித்து இழுக்கிறது. மீன்பிடித் தொழிலை நவீனப்படுத்த வந்த இந்தோ-நார்வே திட்டம் 1953-ல் கால்பதித்த இடம், இன்றைக்கும் விசைப்படகுகளின் கோட்டை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு தகரக்கொட்டகையில் மத்தி வறுவலும் சோறும். காலையில் தின்ற கரிமீன் மென்மையான ருசி என்றால், இது எண்ணெயும் உப்பும் மிளகாயுமாக நேரே மண்டையில் ஏறுகிற ருசி. இரண்டாவது முறை சோறு வாங்கினேன்.

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில் பாலத்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். வள்ளக்காரர்களுக்குத் தடையில்லை. மழையில் நனையத் தயார் என்றால் அப்போதும் போகலாம், கொட்டகையில் மத்தி இருக்கிறதா என்று மட்டும் படகோட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.