வடசேரியில் ஒரு குளிமுறி

2022 ஜனவரியில் திருமணமாகி மலேசியாவிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தேன். சாப்பாடும் பேச்சும் சீக்கிரம் பழகிவிட்டன. வடசேரி வாடகை வீட்டின் குளியலறைதான் பழகவே இல்லை. ஐந்தடிக்கு ஆறடி. ஒரு குழாய், ஒரு வாளி, சுவரில் ஓர் ஆணி. சோப்பை ஜன்னல் திட்டில் வைக்க வேண்டும், துண்டைக் கதவின் மேல் போட வேண்டும். ஒருவர் குளித்துவிட்டு வந்தால் அடுத்தவருக்கு ஈரமில்லாத ஒரு சாண் இடம் மிஞ்சாது.

மாமி அதைக் குளிமுறி என்பார். கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பேச்சு அது. எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், கிள்ளானில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போதும் குளிமுறி என்றே வருகிறது.

அப்போது எனக்கு வேலை இல்லை. தாத்தா எந்த ஊரிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறினார் என்பதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லாததால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இங்கே தங்கி வேலை பார்க்க உதவும் ஓசிஐ அட்டையைக் கணவர் வழியாகத்தான் கேட்க முடியும். அதற்கு மணமாகி 2 வருடம் முடிந்திருக்க வேண்டும். அதுவரை ஒரே சம்பளம், அதில் வீட்டு முன்பணக் கடன் வேறு. குளிமுறிக்கு மாதம் 300 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் வாங்கியது வீடு காலி செய்தவர்கள் விற்ற ஒரு பிளைவுட் அலமாரி, முன்பக்கம் கண்ணாடி வைத்தது. அதோடு பளபளவென்று ஒரு மூலை ஸ்டாண்டு. இந்த மாவட்டத்தில் மழைக்காலம் இரண்டு: ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டுக்கும் நடுவில் உப்புக்காற்று. ஜூலை முடிவதற்குள் அலமாரியின் அடிப்பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தது. ஸ்டாண்டின் கால் நின்ற இடத்தில் தரையில் துருவட்டம். எலுமிச்சை வைத்துத் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. அன்று ரொம்ப அழுதேன். அலமாரிக்காக மட்டும் இல்லை.

அதைப் போடப் போன இடம் ஆக்கர் கடை. பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் எல்லாம் எடைக்கு எடுக்கும் கடைக்கு இங்கே அதுதான் பெயர். நான் எதற்கு அலைகிறேன் என்று கேட்ட கடைக்கார அண்ணன், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தார். "இது ஒட்டிச்சுன்னா குளிமுறிக்கு வேண்டாம் மக்களே. மேலே எவ்வளவு மினுங்கினாலும் உள்ள இரும்புதான்." அலுமினியத்தில் ஒட்டாது, பித்தளையில் ஒட்டாது, நல்ல எவர்சில்வரிலும் ஒட்டாது. அந்தக் காந்தம் இன்றுவரை என் பையில் இருக்கிறது. அன்றைக்கே அங்கே சாயாக்கடையிலிருந்து வந்த அலுமினியக் கிளாஸ் ஸ்டாண்டு ஒன்று கிடைத்தது. எடை போட்டு 400 ரூபாய். இரண்டு மாதக் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஷாம்பு, எண்ணெய் எல்லாம் இப்போது அதில்தான். அடியில் தகடு கிடையாது, வெறும் கம்பிதான், அதனால் தண்ணீர் தேங்குவதில்லை.

அதன் பிறகு நான் தேடியதெல்லாம் தண்ணீர் வடிகிற பொருளைத்தான். மூடிய அலமாரி இந்த ஊர் ஈரத்துக்குச் சரிப்படாது. திறந்திருந்தால்தான் காயும்.

தக்கலைப் பக்கம் ஓட்டு வீடுகளை இடித்த மரங்களைக் குவித்து விற்கிறார்கள். உத்திரம், நிலை, கதவு, எல்லாம் மழையில் நனைந்து கிடக்கும். அங்கேதான் அழியைப் பார்த்தேன். பழைய வீட்டுத் திண்ணைக்கு முன்னால் மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடைத்திருப்பார்களே, அது. இரண்டடித் துண்டு, அயனி மரம். எத்தனை வருட மழையையோ பார்த்தும் ஒரு சட்டம்கூட வளையவில்லை. படுக்கவைத்தால் அதுவே தட்டு, தண்ணீர் தானாக வடிந்துவிடும். 250 ரூபாய் கொடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

மாமிதான் அதற்கு எண்ணெய் சொன்னார். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய், மரப் படகுக்கும் வீட்டு உத்திரத்துக்கும் பூசுவது. மாமி சின்ன வயதில் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். கையுறை போடாமல் என்னைத் தொடவே விடவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரே ஒரு பூச்சு. அப்புறம் மொட்டை மாடி வெயிலில், கை ஒட்டாமல் நன்றாக இறுகும்வரை மூன்று வாரத்துக்கு மேல் காயவைத்தோம். அந்த மூன்று வாரமும் மாமி எங்களோடு இருந்தார். அண்டியாபீஸ் கதைகளை அப்போதுதான் கேட்டேன்.

டைல்ஸில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் டைல்ஸ் நாலடி உயரம்தான், அதற்கு மேல் சிமெண்டுச் சுவர். அதில் அவரைக் கேட்டுக்கொண்டு இரண்டு பித்தளைக் கொக்கி அடித்தோம். அழி இப்போது நைலான் கயிற்றில் அந்தக் கொக்கிகளில் தொங்குகிறது.

மற்றவை சில்லறை. குளச்சல் நண்பர் வீட்டில் கிடந்த பழைய வலையை வெட்டிப் பை முடைந்தேன். பீர்க்கங்கூடும் தேய்க்கும் பிரஷும் அதில் தொங்குகின்றன. விளிம்பு உடைந்த ஊறுகாய்ப் பரணி 60 ரூபாய், சலவைத்தூளுக்கு. மழைநாளிலும் தூள் கட்டிபிடிப்பதில்லை.

இன்னும் அமையாதது கண்ணாடிதான். பழைய கண்ணாடிகள் எல்லாம் விளிம்பிலிருந்து கறுத்து வருகின்றன, ஈரம் பின்பூச்சைத் தின்றுவிடுகிறது. நேற்று ஆக்கர் கடை அண்ணன் போன் செய்தார். தேக்குச் சட்டம் போட்ட ஒன்று வந்திருக்கிறதாம், ஒரு மூலைதான் கறுப்பாம். யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைத்திருக்கிறார். சனிக்கிழமை மாமியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.