பேட்டரி வாரன்டி: கடையில் சொன்னதும் காரில் அளந்ததும்

எங்கள் காரின் பேட்டரி 55 மாத வாரன்டியில் வாங்கியது. 55 மாதமும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எங்கள் கார்டின்படி முதல் 30 மாதம்தான் இலவச மாற்று. மீதி 25 மாதம் 'புரோ ரேட்டா', அதாவது புது பேட்டரி விலையில் ஒரு பகுதியை மட்டும் கழிப்பார்கள். அதையும் எம்ஆர்பியில்தான் கழிப்பார்கள். கடையில் சாதாரணமாகவே எம்ஆர்பிக்குக் குறைத்து விற்பதால் கடைசி மாதங்களில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. அதனால் 30 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று குறியாக இருந்தேன்.

பிரச்சினை இதுதான்: காலையில் செல்ஃப் எடுக்காது. ஜம்பர் கேபிள் போட்டால் ஸ்டார்ட் ஆகி அன்று முழுக்க ஓடும். மறுநாள் காலை பழையபடி 'டக் டக்' சத்தம். வாங்கிய கடையில் சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு, உங்க வண்டியில ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தல" என்றார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவிதான் ஆல்டர்னேட்டர். வாரன்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். பழுது வண்டியில் என்று முடிவாகிவிட்டால் ஒரு பைசா பெயராது.

நேரே எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 14.2 வோல்ட் காட்டியது. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.8க்குக் கீழே இறங்கவில்லை. ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் சரி. அப்புறம் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கொடுத்து, வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் விட்டார். 30 மில்லி ஆம்பியர். 50க்குள் இருந்தால் கவலையில்லை; டேஷ்கேம் மாதிரி எதுவும் ராத்திரியில் கரண்டைக் குடிக்கவில்லை. எல்லா அளவுகளையும் தேதி, வண்டி எண்ணோடு அவருடைய பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

அந்தத் தாளைப் பார்த்ததும் கடைக்காரரின் பேச்சு மாறியது. "முழு சார்ஜ் போட்டு, செல் செல்லாக கிராவிட்டி பாருங்கள், நான் கூடவே நிற்கிறேன்" என்றேன். கிராவிட்டி என்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆசிட்டின் அடர்த்தி; சார்ஜ் ஏறினால் அதுவும் ஏறும். மறுநாள் ஆறு மூடிகளையும் கழற்றி அந்த அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்தார்கள். ஐந்து செல்லில் 1250ஐ ஒட்டி நின்றது, அது முழு சார்ஜ் அளவு. நான்காவதில் மீட்டரின் மிதவை எழவே இல்லை, அதாவது அதில் சார்ஜே ஏறவில்லை. "செல் போச்சு சார்" என்று பையனே சொல்லிவிட்டான். மூடி திறக்க முடியாத பேட்டரியாக இருந்தால் லோடு டெஸ்டர் (பேட்டரியிலிருந்து அதிக கரண்ட் இழுத்துச் சோதிக்கும் கருவி) ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கப்புறம் சிரமமில்லை. பில், கடை முத்திரை போட்ட வாரன்டி கார்டு, பேட்டரி மேலிருந்த சீரியல் எண், மூன்றும் பொருந்தியதால் க்ளெய்ம் போட்டார்கள். மாற்று வரும்வரை ஓட்ட ஒரு ஸ்டாண்ட்பை பேட்டரியும் கேட்டு வாங்கினேன், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுப்பதாக இருந்தேன், தேவைப்படவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு வாரன்டி புதிதாகத் தொடங்காது, முதல் பில் தேதியிலிருந்தே ஓடும். பழைய பில்லைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.