கருப்பு, சாம்பல் டாட்டூ: கூகை, பனை, கிளுவை வேலி

இருட்டான டாட்டூ என்றாலே நிறையக் கருப்பை நிரப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். கருப்பு எடுபடக் குத்தாமல் விட்ட தோல் வேண்டும். நம் மாநிறத்தில் தோலின் நிறமே படத்தின் உச்ச வெளிச்சம். வெள்ளை இங்க்கில் ஹைலைட் வைத்தால் ஆறியபின் பெரும்பாலும் மஞ்சளிக்கும், அல்லது காணாமலே போகும்.

இருட்டான படத்துக்கு ஓநாயும் பைன் காடும்தான் வேண்டுமா? பாழுங்கிணற்றுக் கூகை, காய்ந்த மட்டை தொங்கும் பனை, காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டின் (மேய்ச்சல் நிலத்தின்) இலையுதிர்ந்த கிளுவை முள்வேலி என்று கொங்கு நாட்டிலேயே அருமையான உருவங்கள் இருக்கின்றன. எங்கள் முதல் தேர்வு கூகை. அதன் இதய வடிவ முகத்தை வெறும் தோலாக விட்டுச் சுற்றிலும் இருட்டினால் தூரத்திலிருந்தே தெரியும்.

முன்னங்கையின் வெளிப்பக்கத்துக்கு 18 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம் போதும். கையைத் தொங்கவிட்டால் பனை நேராக நிற்க வேண்டும். ஆகவே உச்சி முழங்கைப் பக்கம், வேலி மணிக்கட்டுப் பக்கம். முதலில் 5 செ.மீ. அளவில் கருப்பு, நடுச்சாம்பல், வெறும் தோல் என மூன்றே நிறத்தில் வரைந்து, 10 அடி தள்ளி நின்று பாருங்கள். கூகை தெரியவில்லையா, மாற்றி வரையுங்கள். முகத்துக்குப் பின்னால்தான் அடர்கருப்பு. ஓரங்களுக்குக் கட்டம் கட்டாமல் மூடுபனி மாதிரி கரையவிட வேண்டும்.

அதிகம் கெடுவது பனையோலைதான். எல்லா ஓலைக்கீற்றையும் கோடாகப் போட்டால் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று சேர்ந்து கருப்பு உருண்டையாகிவிடும். முன்னால் உள்ள ஏழெட்டுக் கீற்றை மட்டும் 2 மி.மீ. இடைவெளியில் வரைந்து, மீதியை நிழலுருவாக விடுங்கள். அப்பத்தாக்கள் கையிலுள்ள பழைய பச்சையைப் பாருங்கள். கோடு தடித்து மங்கியிருந்தாலும் கோலம் புரியும், இடைவெளி தாராளமாக விட்டுக் குத்தியதால்.

கிரே வாஷுக்கு, அதாவது கருப்பு மையில் தண்ணீர் கலந்த சாம்பலுக்கு, மூன்று கப்: பாதிக்குப் பாதி, நான்கில் ஒரு பங்கு கருப்பு, எட்டில் ஒரு பங்கு. அதைவிட வெளிறிய கலவை மாநிறத் தோலில் ஆறியதும் தெரியாது. கலக்கும் தண்ணீர் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கியது ஆகாது. 2011-12இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் அப்படிப்பட்ட தண்ணீர் கலந்து விற்ற சாம்பல் இங்க்கால் பலருக்குத் தோல் தொற்று வந்தது.

நின்றபடி கையைத் தளரவிட்டுத்தான் ஸ்டென்சில் (தோலில் படத்தைப் பதிக்கும் தாள்) ஒட்ட வேண்டும். மேசைமேல் வைத்து ஒட்டினால் மணிக்கட்டைத் திருப்பும்போது கூகையின் முகம் கோணிப்போகும். ஒட்டியபின் கால் மணி நேரம் காயட்டும். கண், அலகு, முள்ளுக்கு 3 அல்லது 5 ஊசி வட்டமாகச் சேர்ந்த ரவுண்ட் லைனர். மூடுபனிக்கு வளைந்த மேக்னம் என்ற அகலமான ஷேடிங் ஊசி. ஊசி ஆழமாகப் போனால் மை தோலுக்கடியில் பரவிக் கோட்டைச் சுற்றி நீலம் பாயும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஷேடிங் செய்தால் தோல் புண்ணாகி, ஆறும்போது மை திட்டுத்திட்டாக உதிரும். சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஆறு வாரம் கழித்து டச்-அப்பில் கருப்பைக் கூட்டுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலும் வியர்வையும் புதுக் குத்துக்கு ஆகாது. மார்கழி, தை நல்லது. தோல் மூடும்வரை, குறைந்தது மூன்று வாரம், கிணற்று நீச்சலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் குளியலும் வேண்டாம். நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) மஞ்சத்தண்ணி ஊற்ற வருபவர்களிடம் கையைக் காட்டாதீர்கள். பழைய காயம் எதுவும் தடித்துப் புடைத்த தழும்பாகியிருந்தால், டிசைன் போடுவதற்கு முன்பே தோல் மருத்துவரைப் பாருங்கள்.