தவணைத் தேதி

வீட்டு அலமாரியைத் தூசி தட்டும்போது, வாங்கிவிட்டுப் படிக்காமலே வைத்திருந்த புத்தகங்களைத் தனியாக எடுத்து அடுக்கினேன். 31 இருந்தன. சிலவற்றுக்குள் பில்கூட மடித்தபடி அப்படியே கிடந்தது. எல்லாமே ஆசைப்பட்டு வாங்கியவைதான். நம்முடையதாகிவிட்ட புத்தகம் எங்கே போய்விடப்போகிறது, நாளைக்குப் படிக்கலாம் என்று மனசு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அன்றோடு வாங்குவதை நிறுத்தினேன். இப்போதெல்லாம் பொது நூலகத்தில் எடுத்துத்தான் படிக்கிறேன்.

நூலகப் புத்தகம் திருப்பித் தரவேண்டிய தேதியோடுதான் வீட்டுக்குள் வருகிறது. அந்தத் தேதி இருப்பதாலேயே எடுத்துவந்த இரவே பிரித்துவிடுகிறேன். முடியவில்லையென்றால் புதுப்பித்துக்கொள்ளலாம், வேறு யாராவது முன்பதிவு செய்திருந்தால் அதுவும் நடக்காது. ஒருமுறை 90 பக்கம் மீதி இருக்கும்போது அப்படி ஆகிவிட்டது. முகம் தெரியாத ஒருவர் இதே புத்தகத்துக்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பே என்னை உட்கார்த்தி வைத்தது. விடிவதற்குள் முடித்துவிட்டேன்.

அப்புறம், தேடாமல் கிடைக்கும் புத்தகங்கள். ஒருநாள் பறவைகளைப் பற்றி எடுக்கலாம் என்று 598-க்குப் போனேன். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறையான, 1876-இல் வந்த டியூயி தசமப் பகுப்பில் பறவைகளுக்கு அதுதான் எண். பார்த்துக்கொண்டே நகர்ந்தால் 599, பாலூட்டிகள். அங்கே 599.4-இல் வௌவால்களைப் பற்றி மெலிதாக ஒரு புத்தகம். பறந்தாலும் அது பறவை இல்லையே, அதனால் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. கடையில் கண்ணில் பட்டிருந்தால் நிச்சயம் வாங்கியிருக்க மாட்டேன். வௌவாலின் சிறகு என்பது அதன் கைதான், நீண்ட விரல் எலும்புகளுக்கு நடுவே விரிந்த தோல்தான் என்று படித்துவிட்டு என் கையை விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்தின் தேதித்தாளைச் சொல்ல வேண்டும். முதலில் ஊதா மையில் நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு முத்திரைகள். போகப்போக இடைவெளி கூடுகிறது. கடைசி முத்திரை ஏழு வருஷத்துக்கு முந்தையது. அதற்குக் கீழே வெறும் தாள். நூலகர் என் தேதியைக் குத்திவிட்டு, "நல்லவேளை எடுத்தீங்க, இது கழிக்கிற பட்டியல்ல இருந்துச்சு" என்றார். நூலகங்களில் இடம் குறைவு. ரொம்ப நாள் யாரும் எடுக்காத புத்தகங்களை அவ்வப்போது விலக்கிவிடுவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. ஏழு வருஷம் கழித்து அந்தப் புத்தகத்துக்கு நான் வாய்த்திருக்கிறேன்.

இரவல் வாங்கியே படித்தால் எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். டென்மார்க்கில் 1946-லிருந்து, நூலகங்கள் வழியே புத்தகம் படிக்கப்படுவதற்காக எழுத்தாளர்களுக்கு அரசு பணம் தருகிறது. பிரிட்டனில் 1979-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. எல்லா நாட்டிலும் இப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது இல்லாத இடத்திலும், நூலகம் ஒரு பிரதியை வாங்கித்தானே தட்டில் வைக்கிறது? நமக்குப் பிடித்த புத்தகம் அங்கே இல்லையென்றால் வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். நான் மூன்று புத்தகங்களுக்கு எழுதிக் கொடுத்தேன், இரண்டு வந்துவிட்டன.

போன வாரம் அந்த வௌவால் புத்தகத்தை மறுபடி எடுக்கலாம் என்று போனேன். 599.4-இல் அதன் இடம் காலி. பதறிப்போய் நூலகரிடம் கேட்டேன். கணினியில் பார்த்துவிட்டு, யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றார். முன்பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.