பின்பாட்டு

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் தம்பூராவைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் மாணவியை ரசிகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குருவோடு சேர்ந்து பாடுவதும் அவள் வேலைதான்; அதற்குப் பெயர் பின்பாட்டு. அந்த இடத்தில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று குருவின் வீட்டில் பாய் விரித்துக் கற்றது பாட்டு. கச்சேரி செய்யக் கற்றது அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

முதலில் பாட விடமாட்டார்கள், தம்பூரா மட்டும்தான். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகளையும் குருவின் ஐந்து கட்டைச் சுருதிக்குச் சேர்க்க வேண்டும். தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையின் மேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால்தான் நாதம் திறக்கும். குளிரூட்டிய அரங்குக்குள் நுழைந்ததும் தந்தி இடம் மாறிவிடும். திரை விலகுவதற்குள் மீண்டும் சேர்க்க வேண்டும். அதைவிடக் கடினம் மீட்டுவது. மீட்டும் விரலுக்குப் பாட்டின் தாளம் தெரியவே கூடாது. மேடையிலேயே கற்பனை செய்து பாடும் கல்பனா ஸ்வரம் வேகமான மேல்காலத்தில் ஓடினாலும், தாள வாத்தியம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்குத் திரும்பினாலும், தம்பூரா தன் போக்கில் ஒரே சீராக ஒலிக்க வேண்டும். கை என்னவோ தாளத்தோடு ஓடத்தான் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கப் பழகியவர்களைப் பின்னாளில் எந்தச் சிக்கலான தாளக் கோர்வையும் எளிதில் அசைத்துவிட முடியாது என்பது என் நம்பிக்கை.

பிறகுதான் பாட்டு. பாடல் வரிகள் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையிலும் ஸ்வரத்திலும் குரு சைகை காட்டினால் ஒழிய வாய் திறப்பதில்லை. கிருதியில், அதாவது பாடலில், சேர்ந்து பாட வேண்டும். தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிக்கு மேல் சங்கதியாகக் கரகரப்பிரியா ராகம் விரிந்துகொண்டே போகும். வகுப்பில் அவற்றின் வரிசை மாறாது. மேடையிலோ அன்றைய தொண்டையையும் கடிகாரத்தையும் பார்த்து குரு ஒன்றை விட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். பின்னால் இருப்பவளுக்கு முகம் தெரியாது. மூச்சு இழுக்கும் அளவு, தோளின் அசைவு, தொடையில் விழும் தாளத்தின் கனம், இவைதான் குறிப்பு. தோள் சற்றே நிமிர்ந்தால் மேல் ஸ்தாயி வருகிறது என்று பொருள். அவர் குரல் தேயும் இடத்தில் நம் குரல் நிற்க வேண்டும்; அது திரும்பி வந்ததும் கீழே இறங்கிவிட வேண்டும். இரண்டு குரல் என்றே கேட்பவருக்குத் தோன்றக் கூடாது. 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது உடன் பாடியவர் ராதா விஸ்வநாதன். அவர்கள் சேர்ந்து பாடிய பதிவுகளை என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டி, இரண்டாவது குரலை மட்டும் பின்தொடரச் சொல்வேன். இந்த வித்தைக்கு அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

முடிவெடுப்பதையும் அங்கேதான் கற்றேன். வர்ணத்தில் தொடங்கித் துக்கடா என்னும் சிறு பாடல்களில் முடியும் இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று எல்லோரும் படித்திருப்போம். அந்த முறைக்குள் ஒரு பாடகி நிமிடத்துக்கு நிமிடம் எதை எதற்காக மாற்றுகிறாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். குருவுக்குச் சளி கட்டியிருந்த ஒரு மாலை, சின்னக் கிருதி ஒன்றில் தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் எடுத்தது பைரவி அட தாள வர்ணமான ‘விரிபோணி’. தாளத்தின் ஒரு சுற்றுக்கு 14 அட்சரம், அதுவும் நல்ல விளம்பத்தில், மெதுவாக. இரட்டை வேகமான இரண்டாம் காலம் வருவதற்குள் குரல் தெளிந்துவிட்டது. பிறகு காரணம் கேட்டேன். “வர்ணம் தொண்டையைத் தானாகத் திறக்கும். நாம்தான் அவசரப்படக் கூடாது” என்றார்.

இன்று என்னிடம் கற்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இணைய வகுப்புக்காக அவர்கள் விடியற்காலையில் எழுந்து உட்காருவதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. கற்ற பாடத்தை அப்படியே பாடும் பாடாந்தரத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒலி போய்ச் சேர ஆகும் தாமதத்தால் நாங்கள் ஒரு வரியைக்கூடச் சேர்ந்து பாட முடியாது. நான் பாடி நிறுத்த, அவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். எப்போதும் எனக்குப் பின்னால், ஒருபோதும் என்னோடு அல்ல. குருவின் குரலுக்குள் தன் குரலை வைத்துப் பார்க்காமல் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் கனம் எப்படிப் பிடிபடும்? அதனால் அரங்கேற்றத்துக்கு முன் ஒரு டிசம்பர் சீசனாவது சென்னைக்கு வந்து என் பின்னால் உட்கார வேண்டும் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிய நேரக் கச்சேரியானாலும், கூட்டம் குறைவானாலும் பரவாயில்லை.

பின்பாட்டுக்குப் பல இடங்களில் சன்மானம் கிடையாது. அழைப்பிதழில் வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் இருக்கும். இரண்டரை மணி நேரம் உடன் பாடுகிறவளின் பெயர் இருக்காது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போதே மாணவிக்குத் தனி மைக் வேண்டும், அழைப்பிதழில் பெயர் வேண்டும் என்று கேட்கிறேன். மைக் கிடைத்துவிடுகிறது. பெயருக்காக அச்சுக்குப் போகும்வரை தொலைபேசியில் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.