அம்மா முடிந்து வைத்த காசு

சர்க்கரை நோயால் அப்பாவின் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்த நாட்களில், அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பார்வை திரும்பினால் சூரியனார் கோயிலுக்கு அழைத்து வருவதாக வேண்டுதல். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த முடிச்சோடு நானும் அப்பாவும் கிளம்பினோம்.

ஆடுதுறையில் இறங்கி, முறைப்படி முதலில் திருமங்கலக்குடி. அங்கிருக்கும் சிவன் பிராணநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சூரியனார் கோயிலுக்கு வர வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். சாபம் தீர நவக்கிரகங்களே எருக்கிலையில் தயிர்சாதம் வைத்து உண்டு தவமிருந்த மண் அது. கிரகங்களின் வினையையே தீர்த்தவர் நம்மைக் கைவிடுவாரா?

சூரியனார் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்க வந்தவர்கள் வயசானவர் என்றுகூடப் பார்க்காமல் இடித்துக்கொண்டு போனார்கள். போதாததற்கு ஒருவர், "என்ன ராசி? என்ன தசை? வரிசையில்லாம உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோவோடு வருகிறவர்களிடமா இதைச் செய்வது? அப்பாதான், "வரிசையிலேயே போவோம்மா, அவர் எங்கேயும் போயிட மாட்டார்" என்றார்.

ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். உள்ளே மேற்குப் பார்த்து, உஷாதேவியும் சாயாதேவியும் இருபுறமும் இருக்க, நின்ற கோலத்தில் சூரிய பகவான். அவரைப் பார்த்தபடி எதிரே குரு. குருக்கள் கற்பூரத் தட்டை உயர்த்தினார். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ரெண்டு கையிலேயும் தாமரைம்மா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு எதிரே எதுவும் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. அப்பா பார்த்ததை நான் பார்க்கவில்லை. பகவானே, அது போதும். அர்ச்சனைக்கு யார் பெயரைச் சொன்னேன், நட்சத்திரம் சொன்னேனா, ஒன்றும் நினைவில்லை. முதலாம் குலோத்துங்கன் கட்டிய கோயிலாச்சே, கல்வெட்டெல்லாம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. மற்ற கிரகங்களின் சந்நிதிகளில் என் வாயில் வந்ததெல்லாம் அம்மாவின் பெயர்தான். சுற்றி வரும்போது அப்பா என் கையை எப்போது விட்டார் என்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தனியாக நடந்து வருகிறார்!

அப்புறம் உண்டியல். அம்மா போட்ட முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் இழுக்கப் போனேன். "கொடு இங்கே" என்று வாங்கி, வலது கண்ணருகே வைத்துப் பார்த்துப் பார்த்து, நகத்தால் நெம்பி அப்பாவே அவிழ்த்தார். உள்ளே பதினோரு ரூபாய். ஒவ்வொரு காசாக எண்ணிப் போட்டார்.