ஸ்பானியக் கட்டடக்கலைப் பாடம்: நான் படித்த விதம்

கட்டடக்கலை வரலாற்றுத் தாளில் ஸ்பெயின் வந்தாலே பலரும் பெயர்களை உருப்போடத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. பாதிப் பேருக்கு ஹுவான் என்றே பெயர்! ஒரு கட்டடம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தொடர்ந்த பிறகுதான் பாடம் பிடிபட்டது.

மத்ரித் அருகே மடமும் அரண்மனையும் சேர்ந்த எல் எஸ்கோரியலில் தொடங்குங்கள். இரண்டாம் ஃபிலிப் மன்னருக்காக ஹுவான் பௌதிஸ்தா தெ தொலேதோ திட்டம் வகுக்க, 1563இல் வேலை ஆரம்பமானது. அவர் 1567இல் இறந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த ஹுவான் தெ எர்ரேரா 1584இல் முடித்துவைத்தார். அலங்காரம் குறைந்த அந்தப் பாணி எர்ரேராவின் பெயரால் வழங்குகிறது. அதற்காகத் தொலேதோவை விட்டுவிட்டால் விடை அரைகுறைதான்.

அதிக நேரம் செலவிட வேண்டியது தந்தையும் மகனும் கட்டடக்கலைஞர்களான ஒந்தஞோன் குடும்பத்துக்கு. 1511இல் செவில் பேராலயத்தின் நடுக்கூண்டு இடிந்து விழுந்தது. அதை மறுபடி எழுப்பும் வடிவமைப்பைத் தந்தவர் தந்தை ஹுவான் ஹில். சலமங்காவின் புதிய பேராலயம் 1513இலும் செகோவியா பேராலயம் 1525இலும் அவர் பொறுப்பில் தொடங்கின. மறு ஆண்டே அவர் காலமானார். பின்னாளில் இரண்டிலும் தலைமை ஏற்றவர் மகன் ரோத்ரிகோ. தூணும் முட்டுச்சுவரும் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதற்கு விகிதக் கணக்கும் வடிவியலும் சேர்ந்த விதிகளை இவர் எழுதிவைத்தார். சிமோன் கார்சியா 1681இல் தொகுத்த கையெழுத்துப் பிரதியால்தான் அவை தப்பின. வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

படம் வரைய, கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை வளாகத்தில் உள்ள ஐந்தாம் சார்லஸ் அரண்மனையை எடுங்கள். பக்கம் 63 மீட்டர் கொண்ட சதுரம். நடுவே வட்ட முற்றம். கீழ்த்தளத்தில் எளிமையான டோரிக் தூண்கள், மேலே தலைப்பகுதியில் சுருள் கொண்ட அயோனிக் தூண்கள். காம்பஸ் இருந்தால் போதும். வடிவமைத்த பெத்ரோ மச்சூகா ஓர் ஓவியர். அவருக்குப் பின் வேலையைத் தொடர்ந்தவர் மகன் லூயிஸ்.

கௌடியைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படும் பார்சிலோனா தேவாலயமான சக்ராதா ஃபமிலியாவை 1882இல் தொடங்கியவர் வில்யார் என்ற கட்டடக்கலைஞர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஸ்பானிய ஆட்சியில் எழுந்த மெக்சிகோ நகரப் பேராலயத்துக்குக் காலக்கோடு அவசியம். 1573இல் தொடங்கிய கிளாவ்தியோ தெ அர்சினியேகா, 1813இல் முடித்த மனுவேல் தோல்சா: இந்த இரு முனைகளையும் முதலில் குறித்துவிட்டு, இடையில் மாறிய பாணிகளைக் கோட்டுக்குக் கீழே எழுதுங்கள்.